ஆங்கிலத்தின் வாயிற்சொற்கள்



வேற்று மொழி ஒன்றைக் கற்பவன் எந்த இடத்தில் முதன்முதலாகத் தடுமாறுகிறான் என்று எண்ணிப் பாருங்கள். இலக்கண நூலின் நடுவிலே அன்று. அகராதியில் உள்ள அரிய சொற்களிலும் அன்று. ஒருவரை எதிரே கண்டு வாய் திறக்கும் முதல் நொடியிலும், பேசி முடித்துப் பிரியும் கடைசி நொடியிலுமே அவன் தடுமாறுகிறான். ஆங்கிலத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாணவனும் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, கதவைத் திறந்ததும் என்ன சொல்வதென்று அறியாமல் நின்றுவிடுவது உண்டு. அவன் அரும்பாடுபட்டுக் கற்ற ஆங்கிலம் முழுவதும் அந்தக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வாயில் எப்படியோ, பேச்சுக்கு நலம் வினவுதலும் விடைபெறுதலும் அப்படி. வாயிலைக் கடக்கத் தெரியாதவனுக்கு உள்ளே இருக்கும் கூடமும் மாடமும் பயன்படுவதில்லை. ஆதலால், ஆங்கிலத்தின் வாயிற்சொற்கள் சிலவற்றைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். வாயிற்சொற்கள் செய்தி கூறுவதற்காக ஏற்பட்டவை அல்ல. உறவைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் ஏற்பட்டவை. நம் தெருவில் எதிரே வரும் அண்டை வீட்டுக்காரர், “என்ன தம்பி, கடைக்கா?” என்று கேட்கிறார். நம் கையில் பை தொங்குவதை அவர் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார். நாமும் “ஆமாம் மாமா” என்று சொல்லிவிட்டு நடக்கிறோம். என்ன வாங்கப் போகிறோம், எவ்வளவு விலைக்கு வாங்கப் போகிறோம் என்று நின்று கணக்குச் சொல்வதில்லை. “சாப்பிட்டாயிற்றா?” என்று கேட்கும் பாட்டியும் நம் வீட்டுச் சமையலை ஆராய வந்தவர் அல்லர். “நீ என் கண்ணில் பட்டாய், உன்மேல் எனக்கு அன்பு உண்டு” என்பதே அந்தக் கேள்விகளின் உட்பொருள். இதை நமக்கு எவரும் பள்ளியில் கற்பிக்கவில்லை. தாய்மொழியோடு தாமே வந்து சேர்ந்த அறிவு அது.

இந்த உண்மையைத் தெளிவாக ஆராய்ந்து கூறியவர் புரோனிஸ்லா மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர். போலந்து இனத்தவரான அவர், முதல் உலகப் போர் நடந்த காலத்தில் நியூகினிக்குக் கிழக்கே உள்ள டிரோபிரியண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மக்களின் வாழ்வையும் மொழியையும் ஆராய்ந்தார். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த கட்டுரை ஒன்றில், நலம் வினவுதல், வானிலையைப் பற்றிப் பேசுதல் முதலியவை கருத்தை அறிவிக்கும் பேச்சு அல்ல என்றும், மனிதரை மனிதரோடு பிணைக்கும் பேச்சு என்றும் அவர் விளக்கினார். அத்தகைய பேச்சுக்குத் தனிப்பெயரும் சூட்டினார். அறிமுகம் இல்லாத ஒருவன் வாய் திறவாமல் எதிரே நின்றால் நம் உள்ளம் அஞ்சுகிறது. இரண்டு சொல் பேசிவிட்டால் அந்த அச்சம் அகன்றுவிடுகிறது. தீவில் வாழும் மீனவருக்கும் இலண்டன் மாளிகையில் தேநீர் அருந்தும் சீமாட்டிக்கும் இது பொது என்பதே அவர் கண்ட முடிவு.

இதிலிருந்து கற்பவனுக்கு ஒரு வழி கிடைக்கிறது. வாயிற்சொல் ஒன்றைக் கேட்டவுடன், “இதன் சொற்பொருள் என்ன?” என்று அகராதியைப் புரட்ட வேண்டா. அதற்குப் பதிலாக மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதை எப்போது சொல்கிறார்கள்? யாரிடம் சொல்கிறார்கள்? இதற்கு மறுமொழி என்ன? இம்மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் அச்சொல் உங்கள் உடைமை ஆகிவிடும்.

“குட் மார்னிங்” என்பதிலிருந்து தொடங்குவோம். “நல்ல காலை” என்பது அதன் நேர்ப்பொருள். காலை நன்றாக இருக்கிறது என்று நற்சான்று வழங்கும் வாக்கியமாக இது தோன்றலாம். உண்மையில் இது ஒரு நீண்ட வாழ்த்தின் தேய்ந்த வடிவம். “உமக்கு இறைவன் நல்ல காலைப்பொழுதை அருள்வானாக” என்பது போன்ற வாழ்த்துகளை முற்காலத்து ஆங்கிலேயர் கூறி வந்தனர். நாள்தோறும் பலமுறை வழங்கியதால் வாழ்த்தின் முற்பகுதி தேய்ந்து மறைந்தது. இரண்டு சொற்கள் மட்டும் எஞ்சி நின்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் படிப்பவர்கள், மாலை வாழ்த்து இவ்வாறு பாதி தேய்ந்த நிலையில் வழங்குவதை அங்கே காணலாம். ஆகவே கொட்டும் மழையில் நனைந்துகொண்டே ஒருவர் மற்றொருவருக்குக் “குட் மார்னிங்” சொல்வதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அது வருணனை அன்று, வாழ்த்து.

இனி, எப்போது சொல்வது? விடியல் முதல் நண்பகல் பன்னிரண்டு மணி வரை “குட் மார்னிங்”. பன்னிரண்டு மணிக்கு மேல், பொழுது சாயும் வரை “குட் ஆஃப்டர்நூன்”. மாலை ஐந்து அல்லது ஆறு மணி முதல் இரவில் “குட் ஈவினிங்”. நம் மாணவர் சிலர் அன்றைய நாளில் முதன்முறையாக ஒருவரைப் பார்க்கும்போது, மணி பிற்பகல் மூன்று ஆனாலும் “குட் மார்னிங்” என்று சொல்லிவிடுவர். நாளின் முதற்சந்திப்பு என்பதை எண்ணாமல், கடிகாரத்தை எண்ணிச் சொல்ல வேண்டிய சொல் இது. இதற்கு மறுமொழியும் எளிது: எந்தச் சொல்லைக் கேட்டீர்களோ அதையே திருப்பிச் சொன்னால் போதும்.

“குட் நைட்” என்பதில்தான் நம்மவர் பலர் வழுக்கி விழுகின்றனர். இரவு எட்டு மணிக்கு விருந்துக்குச் செல்லும் இளைஞன், கதவைத் திறந்த வீட்டுக்காரரிடம் மலர்ந்த முகத்தோடு “குட் நைட்” என்கிறான். அவர் திகைக்கிறார். உள்ளே வருமுன்னரே இவன் புறப்படுகிறானே என்பது அவர் திகைப்புக்குக் காரணம். காலை, பிற்பகல், மாலை ஆகிய மூன்று வாழ்த்துகளும் சந்திக்கும்போது சொல்பவை. “குட் நைட்” ஒன்றே பிரியும்போது சொல்வது. “நன்றாக உறங்குக” என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு ஒருவரைச் சந்தித்தாலும் “குட் ஈவினிங்” என்றே சொல்லல் வேண்டும். இந்தத் தவறு நமக்கு ஏன் நேர்கிறது? நம் “வணக்கம்” எல்லாப் பொழுதுக்கும் பொது. வருகைக்கும் பொது, பிரிவுக்கும் பொது. ஒரே சாவியால் எல்லாப் பூட்டையும் திறந்து பழகியவன், பூட்டுக்கு ஒரு சாவி உள்ள வீட்டுக்குள் நுழைந்தால் சற்றுத் திணறத்தான் செய்வான். அறிவுக் குறைவு அன்று அது, பழக்கத்தின் விளைவு.

அடுத்து, வினா வடிவில் உள்ள இரண்டு வாயிற்சொற்களைக் காண்போம். “ஹௌ டூ யூ டூ?” என்பது ஒன்று, “ஹௌ ஆர் யூ?” என்பது மற்றொன்று. ஒரே பொருளுடையனபோல் தோன்றும் இவ்விரண்டும் வழக்கில் வேறானவை.

முன்னது, முறைப்படி அறிமுகம் செய்துவைக்கப்பட்டவர் முதற்சந்திப்பில் கூறுவது. வடிவத்தில் வினாவாக இருந்தாலும் இதற்கு விடை கிடையாது. “ஹௌ டூ யூ டூ?” என்று ஒருவர் சொன்னால், மற்றவரும் “ஹௌ டூ யூ டூ?” என்று சொல்லிக் கைகுலுக்க வேண்டியதுதான். வினாவுக்கு வினாவே விடை. இந்தச் சிறு மறுமொழி ஒரு காலத்தில் மனிதரின் குலம் கோத்திரத்தையே காட்டிக்கொடுப்பதாக இருந்தது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து மொழியியற் பேராசிரியர் ஆலன் ராஸ், இங்கிலாந்தின் மேற்குடியினர் பேச்சையும் மற்றையோர் பேச்சையும் பிரித்துக் காட்டி 1954-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். “ஹௌ டூ யூ டூ?” என்பதற்கு அதையே திருப்பிச் சொல்வது மேற்குடியினர் வழக்கம் என்றும், “ப்ளீஸ்ட் டு மீட் யூ” என்று விடையிறுப்பது மற்றையோர் வழக்கம் என்றும் அவர் அதில் குறித்தார். நான்கு சொற்களைக் கொண்டு ஒரு மனிதனை எடைபோட்டுவிட்ட காலம் அது. இன்று அந்த வேற்றுமையைப் பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. “ஹௌ டூ யூ டூ?” என்பதே அருகி, “நைஸ் டு மீட் யூ” என்பது அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எனினும், மூத்தவர் ஒருவர் அந்தப் பழைய தொடரைச் சொன்னால் திகைக்காமல் விடை கூற நீங்கள் அறிந்திருத்தல் நன்று.

“ஹௌ ஆர் யூ?” என்பது முன்பே அறிமுகமானவரிடம் கேட்பது, இக்காலத்தில் புதியவரிடமும் கேட்பதுண்டு. இதற்கு மறுமொழி தேவை. ஆனால் சுருக்கமான மறுமொழியே தேவை. “ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?” என்றால் போதும். மூன்று பகுதிகள் இதில் உள்ளன: நலம் என்னும் செய்தி, கேட்டதற்கு நன்றி, திரும்ப நலம் வினவுதல். இம்மூன்றில் கடைசிப் பகுதியே உயிரானது. அதை விட்டுவிட்டால் வந்த பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பி எறியாமல் நிற்பவன்போல் ஆகிவிடுவோம். நேற்று முதல் வயிற்றுவலி, மருத்துவர் இன்ன மருந்து கொடுத்தார் என்றெல்லாம் அங்கே விவரித்தல் ஆகாது. நெருங்கிய நண்பனிடம் அதைச் சொல்லலாம். அலுவலக வாயிலில் சந்தித்தவரிடம் சொல்வது முறை அன்று.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். முதன்முறை சந்திப்பவரிடம் “நைஸ் டு மீட் யூ” என்பர்; முன்பே அறிந்தவரை மீண்டும் காணும்போது “நைஸ் டு ஸீ யூ” என்பர். அறிந்தவரிடம் “மீட்” என்று சொன்னால், “முன்பு சந்தித்ததை இவர் மறந்துவிட்டாரே!” என்று அவர் வருந்தக்கூடும். ஒரே ஒரு சொல்லில் நினைவும் மறதியும் அடங்கிக் கிடக்கின்றன.

இன்று உலகெங்கும் வழங்கும் வாயிற்சொல் “ஹலோ” என்பது. எல்லாவற்றிலும் பழமையானது இதுவே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. தொலைவில் இருப்பவரைக் கூவி அழைக்கவும், வேட்டை நாய்களை ஏவவும் ஆங்கிலேயர் இதை ஒத்த ஒலிகளைப் பல நூற்றாண்டுகளாக எழுப்பி வந்தனர். ஆயினும் “ஹலோ” என்னும் வடிவம் அச்சில் காணப்படுவது 19-ஆம் நூற்றாண்டில்தான். அப்போதும் அது வியப்பைக் காட்டவோ, ஒருவர் கவனத்தை ஈர்க்கவோ பயன்பட்டதே ஒழிய, நலம் வினவும் சொல்லாகப் பெருவழக்குப் பெறவில்லை.

அதற்கு அந்தப் பெருமையைத் தேடித் தந்தது தொலைபேசி. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876-ஆம் ஆண்டில் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணுக்குத் தெரியாத ஒருவரோடு பேச்சை எப்படித் தொடங்குவது என்னும் புதிய சிக்கல் அப்போது எழுந்தது. முகம் தெரியாது, வயது தெரியாது, மறுமுனையில் யாரேனும் இருக்கிறாரா என்பதே தெரியாது. கப்பலோட்டிகள் கூவும் “அஹோய்” என்னும் சொல்லைப் பெல் விரும்பினார். தாமஸ் ஆல்வா எடிசனோ, 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் எழுதிய கடிதம் ஒன்றில், “ஹலோ” என்று கூவினால் பத்து இருபது அடித் தொலைவில் இருப்பவருக்கும் கேட்கும், அழைப்பு மணி தேவையில்லை என்று குறிப்பிட்டார். 1878-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வெளியான தொலைபேசிக் கையேடு, பேச்சை “ஹல்லோவா” என்று தொடங்குமாறும், “தட் இஸ் ஆல்” என்று முடிக்குமாறும் சந்தாதாரர்களுக்கு அறிவுறுத்தியது. தொடங்கும் சொல் நிலைத்துவிட்டது. “அவ்வளவுதான்” என்று பொருள்படும் முடிக்கும் சொல் நிலைக்கவில்லை. காரணம் எளிது: வெடுக்கென்று பேச்சை அறுத்துக்கொள்வதை மனித உள்ளம் விரும்புவதில்லை.

தொலைபேசியில் ஆங்கிலம் பேச நேரும் மாணவர் ஒன்றை நினைவிற்கொள்க. “ஹலோ” என்றபின் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதன்பின் யாரோடு பேச விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “ஹலோ, திஸ் இஸ் குமார். மே ஐ ஸ்பீக் டு மிஸ்டர் ராமன், ப்ளீஸ்?” என்பது நல்ல தொடக்கம். தொலைபேசியில் “ஐ ஆம் குமார்” என்பதைவிடத் “திஸ் இஸ் குமார்” என்பதே வழக்கு. நேரில் அறிமுகம் செய்துகொள்ளும்போது “ஐ ஆம் குமார்” அல்லது “மை நேம் இஸ் குமார்” என்க. “மைசெல்ஃப் குமார்” என்று நம் நாட்டில் பலர் கூறுவதை ஆங்கிலம் ஏற்றுக்கொள்வதில்லை.

விளிக்கும் முறையும் வாயிற்சொல்லின் ஒரு பகுதியே. நமக்கு அண்ணன், அக்கா, மாமா, ஐயா, அம்மா என்று உறவுமுறைச் சொற்கள் நிறைய உண்டு. முன்பின் அறியாதவரையும் அவற்றால் அழைக்கிறோம். ஆங்கிலத்தில் அவ்வாறு அழைக்கும் வழக்கம் மிகக் குறைவு. “மிஸ்டர்” என்பதைத் தனியாகச் சொல்லி ஒருவரை அழைத்தல் மரியாதை ஆகாது. அதன்பின் குடும்பப் பெயரைச் சேர்த்தல் வேண்டும். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு வாழும் நம்மவருக்கு இயற்பெயரே அந்த இடத்தில் நிற்கும். பெயர் தெரியாத ஆடவரைச் “சார்” என்றும், பெண்மணியை “மேடம்” என்றும் விளிக்கலாம். ஆசிரியரைப் பார்த்து “குட் மார்னிங், டீச்சர்” என்பது நம் பள்ளிகளில் ஊறிய வழக்கம்; இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆசிரியரின் பெயரைச் சேர்த்தோ, “சார்”, “மிஸ்” என்றோ மாணவர் விளிப்பர்.

வாயிற்சொல்லைக் கற்பதனால் மட்டும் எல்லாம் ஆகிவிடுமா? இதற்கு விடை கூறும் நாடகம் ஒன்று உண்டு. பெர்னார்ட் ஷா எழுதிய “பிக்மேலியன்” 1913-ஆம் ஆண்டில் வியன்னாவிலும், 1914-ஆம் ஆண்டில் இலண்டனிலும் அரங்கேறியது. இலண்டன் தெருவில் பூ விற்கும் எலைசா என்னும் ஏழைப் பெண்ணுக்கு, ஒலிநூற் பேராசிரியர் ஹிக்கின்ஸ் மேற்குடியினரின் உச்சரிப்பைக் கற்பிக்கிறார். பிறகு தம் தாயாரின் வீட்டுக்கு வரும் விருந்தினர் நடுவே அவளை அழைத்து வருகிறார். வானிலை, உடல்நலம் ஆகிய இரண்டைத் தவிர வேறு எதையும் பேசலாகாது என்பது அவர் இட்ட கட்டளை.

எலைசா வருகிறாள், “ஹௌ டூ யூ டூ?” என்று மாசு மறுவற்ற உச்சரிப்பில் சொல்கிறாள், அனைவரும் மயங்குகின்றனர். மழை வருமா என்ற பேச்சு எழுகிறது. அது வெறும் உபசார வினா. அவளோ அதை உண்மையான வினாவாக எடுத்துக்கொண்டு, வானிலை ஆய்வு நிலையத்தின் அறிக்கையைப் போன்ற ஒன்றை ஒப்பிக்கிறாள். உடல்நலத்தைப் பற்றிய பேச்சு வந்ததும், தன் அத்தை நோயால் சாகவில்லை, எவரோ கொன்றுவிட்டனர் என்னும் கதையைத் தொடங்கிவிடுகிறாள். அவையோர் அதிர்கின்றனர். இறுதியில் முறைப்படி விடைபெற்றுக்கொள்கிறாள். ஆனால் பூங்காவின் வழியே நடந்து செல்கிறாயா என்று ஓர் இளைஞன் கேட்டதும், அக்காலத்து நாடக மேடையில் எவரும் வாய்விட்டுச் சொல்லத் துணியாத தெருச்சொல் ஒன்றை விடையில் கலந்துவிடுகிறாள். இந்தக் காட்சியில் அரங்கமே சிரிக்கும். நாம் சிந்திக்க வேண்டியது வேறு. எலைசாவின் உச்சரிப்பில் பிழை இல்லை, இலக்கணத்தைச் சரிசெய்துவிடலாம். உபசாரப் பேச்சின் அளவு இவ்வளவு என்பதை மட்டும் அவளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளைத் தாழ்த்தியது அறியாமை அன்று. ஒலியைக் கற்பித்துவிட்டு வழக்கத்தைக் கற்பிக்காத கல்வியே என்று கூறலாம்.

இனி, பிரிவுச் சொற்களுக்கு வருவோம். தமிழில் “விடைபெறுதல்” என்கிறோம். “விடை” என்பதற்குப் போக இசைவு என்பது பொருள். ஒருவர் இசைவு தந்த பின்னரே அவரை விட்டுப் பிரிவது பண்பாடு என்னும் கருத்து அச்சொல்லில் உறைந்திருக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் தொடர் “டேக் லீவ்” என்பது. அங்கும் “லீவ்” என்னும் பெயர்ச்சொல்லுக்கு அனுமதி என்பதே பழைய பொருள். நீங்கள் பள்ளிக்கு எழுதும் “லீவ் லெட்டர்” என்பதில் இருப்பதும் அதே சொல்தான். வராமல் இருக்க அனுமதி கோரும் கடிதம் அது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகள், பிரிவதற்கு இசைவு வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தைத் தனித்தனியே எட்டியிருப்பது எண்ணி மகிழத்தக்கது.

“ஃபேர்வெல்” என்பதும் அத்தகையதே. “ஃபேர்” என்னும் பழைய வினைக்குப் பயணம் செய்தல் என்பது பொருள். பேருந்தில் நாம் கொடுக்கும் கட்டணத்தை “ஃபேர்” என்பதும் அந்த வேரிலிருந்து வந்ததே. “நலமே சென்று வருக” என்னும் வாழ்த்து நாளடைவில் ஒரு சொல்லாக இறுகிவிட்டது. இன்று அது நாள்தோறும் வழங்கும் சொல் அன்று. கல்லூரி இறுதி ஆண்டில் நடக்கும் பிரிவு உபசார விழாவுக்கு அது பொருந்தும். மாலையில் வீடு திரும்பும் நண்பனிடம் சொன்னால், இனி அவனைக் காணவே போவதில்லை என்பதுபோல் ஒலிக்கும்.

“குட்-பை” என்பதன் வரலாறு இன்னும் சுவையானது. இதில் உள்ள “குட்” தொடக்கத்தில் “நல்ல” என்பதைக் குறிக்கவில்லை. “இறைவன் உம்மோடு இருப்பானாக” என்னும் பொருளுடைய “காட் பி வித் யீ” என்னும் தொடரே, 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பேச்சு வேகத்தில் பலவாறு குறுகி இவ்வடிவம் பெற்றது. “குட் டே”, “குட் நைட்” என்னும் வாழ்த்துகளின் சாயல் படிந்து, “காட்” என்பது “குட்” ஆயிற்று. இன்று பெரும்பாலோர் “பை” என்ற ஓரசையோடு நிறுத்திக்கொள்கின்றனர். நான்கு சொல் வழிபாடு தேய்ந்து தேய்ந்து ஓர் எழுத்தளவு ஆகிவிட்டது. பொருள் தேய்ந்ததே தவிரப் பயன் தேயவில்லை. பிரியும்போது மற்றவரை வாழ்த்திவிட்டுப் பிரிய வேண்டும் என்னும் உணர்ச்சி அந்த ஓரெழுத்திலும் நிலைத்து நிற்கிறது.

ஆங்கிலத்தில் விடைபெறுதல் இரண்டு படிகளில் நிகழ்கிறது. இதை அறியாமையால் நம் மாணவர் பலர், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று “பை” என்று சொல்லி எழுந்துவிடுகின்றனர். முதற்படி, புறப்படப் போவதை உணர்த்துவது: “வெல், ஐ மஸ்ட் பி கோயிங்” அல்லது “ஐ ஷுட் கோ நௌ”. இதுதான் இசைவு கேட்கும் இடம். மற்றவர் தலையசைத்தோ, சில சொல் கூறியோ இசைவு தருவார். அதன்பின், சந்திப்பைப் பற்றி ஒரு நல்ல சொல்: “இட் வாஸ் நைஸ் மீட்டிங் யூ” அல்லது “தாங்க் யூ ஃபார் யுவர் டைம்”. அதற்குப் பிறகே “குட்-பை”. நேர்முகத் தேர்வு முடிந்ததும் “தாங்க் யூ, சார். குட் டே” என்று சொல்லி எழுந்து, கதவை மெல்லச் சாத்திவிட்டு வருபவனை எவரும் குறை கூறார்.

நம்மவர் விடைபெறும்போது நேரும் பிழை ஒன்று உண்டு. அது பிழைதான் எனினும் அதன் பின்னே ஓர் அழகு இருக்கிறது. “போகிறேன்” என்று சொல்வது மங்கலம் அன்று எனக் கருதி, “போய் வருகிறேன்” என்று நாம் சொல்கிறோம். இதை அப்படியே ஆங்கிலமாக்கி “ஐ வில் கோ அண்ட் கம்” என்கிறோம். கேட்கும் ஆங்கிலேயர், இவர் எங்கோ போய்ச் சற்று நேரத்தில் திரும்பி வருவார் என்று எண்ணிக் காத்திருப்பார்! நம் உள்ளத்தில் இருக்கும் “மீண்டும் வருவேன்” என்னும் கருத்துக்கு ஆங்கிலத்தில் நேரான தொடர் “ஸீ யூ அகெய்ன்” அல்லது “ஸீ யூ லேட்டர்” என்பது. “லேட்டர்” என்பதனால் இன்று மாலையே சந்திப்பதாக வாக்குக் கொடுத்ததாகக் கருத வேண்டா. நம் “வருகிறேன்” எப்படி நாள் குறிக்காத சொல்லோ, அதுவும் அப்படியே. அவ்வாறே, வீட்டுக்கு வந்தவரை “வாருங்கள், வாருங்கள்” என்று வரவேற்கும் நாம், “கம், கம்” என்று மொழிபெயர்த்தால் அது கட்டளைபோல் ஒலிக்கும். “ப்ளீஸ் கம் இன்” என்றால் நம் அன்பு அப்படியே சென்று சேரும்.

சொல்லோடு குரலும் சேரல் வேண்டும். தமிழில் வல்லெழுத்தில் முடியும் சொல்லோடு உகரம் சேர்ப்பது நம் இயல்பு. அதனால் “குட் மார்னிங்” நம் வாயில் “குட்டு மார்னிங்கு” ஆகிவிடுகிறது. குட்டு என்பது தலையில் விழுவது. வாழ்த்துக்கு அது வேண்டா. “குட்” என்பதை மெல்லத் தொட்டுவிட்டு, “மார்” என்னும் அசையை அழுத்திச் சொல்லுங்கள். “ஹௌ ஆர் யூ?” என்று கேட்பவர் “ஆர்” என்பதை அழுத்துவார், நீங்கள் திருப்பிக் கேட்கும்போது “யூ” என்பதை அழுத்தல் வேண்டும். “நான் இருக்கட்டும், தாங்கள் எப்படி?” என்னும் பரிவு அந்த ஓர் அழுத்தத்தில் வெளிப்படும். இத்தகைய நுட்பங்களை ஏடு கற்பிக்காது, செவியே கற்பிக்கும். 1943-ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் பிற நாட்டவர்க்கு வானொலி வழியாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியது. அச்சிட்ட பக்கத்தில் அடங்காத குரலின் ஏற்ற இறக்கம் வானொலியில் கேட்டுப் பழகக் கிடைத்தது.

வாயிற்சொற்கள் காலத்தோடு மாறுபவை என்பதையும் மறத்தல் ஆகாது. ஒத்த வயதினர் இன்று “ஹாய்” என்று தொடங்குகின்றனர்; மின்னஞ்சலிலும் அதையே எழுதுகின்றனர். நண்பரிடம் அது பொருந்தும். வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில் பொருந்தாது. 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது, நூற்றாண்டுகளாக வேரூன்றிய கைகுலுக்கும் வழக்கமே உலகெங்கும் சில காலம் நின்றுபோயிற்று. கைகூப்பி வணங்கும் முறையைப் பிற நாட்டுத் தலைவர்கள் சிலரும் மேற்கொண்டனர். வடிவங்கள் மாறும், வாழ்த்தாமல் சந்திப்பதும், இசைவு பெறாமல் பிரிவதும் மட்டும் எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

நண்பர்களே, இச்சொற்களை நான் விரித்துக் கூறியதற்கு ஒரு காரணம் உண்டு. பிழை நேருமோ என்று அஞ்சி வாய் மூடி நிற்பவனைப் பிறர் அடக்கமுடையவன் என்று கொள்வதில்லை. செருக்குடையவன் என்றோ, ஒன்றும் அறியாதவன் என்றோ கருதிவிடுகின்றனர். இரண்டும் அவனுக்கு இழைக்கப்படும் அநீதி. கிராமத்துப் பள்ளியில் படித்துவிட்டு நகரத்துக் கல்லூரிக்கு வரும் மாணவ மாணவியர் பலர் இந்த அநீதிக்கு ஆளாகின்றனர். அவர்களுக்குக் குறைவாக இருப்பது அறிவு அன்று. ஏறத்தாழ இருபது தொடர்கள். அவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். நாளைக் காலையில் வகுப்புக்குள் நுழையும்போது பக்கத்து மாணவனிடம் முதலில் நீங்களே “குட் மார்னிங்” சொல்லுங்கள். அவன் நலம் வினவினால் திருப்பி வினவுங்கள். மாலையில் பிரியும்போது “ஸீ யூ டுமாரோ” என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூச்சத்தோடு நிற்பவன் ஒருவன் உங்கள் வகுப்பில் இருந்தால், அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவனோடு முதலில் பேசுங்கள்.